பூச்சி கத்தும் ஆல்பம்

தம்பி ஒருவனுக்கு ஓர் ஆல்பத்தை அனுப்பி வைத்தேன். மறுநாள் காலையிலேயே போன். "அண்ணே, நீங்க அனுப்புனதுல ஏதோ கோளாறு. பின்னாடி பூச்சி கத்திக்கிட்டே இருக்கு. வேற காப்பி இருந்தா அனுப்புங்க."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதே சத்தத்தில் ஏமாந்தவன்தான் நானும். மாமனார் ஊர் தென்காசிப் பக்கம். ராத்திரி பத்து மணிக்கு மேல் மொட்டைமாடியில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சில்வண்டு பாட்டைக் கேட்கவிடாமல் அடிக்கிறதே என்று எரிச்சலோடு ஹெட்ஃபோனைக் கழற்றினால், வெளியே ஒரு சத்தமும் இல்லை. எங்கோ வயலில் மோட்டார் ஓடுவது மட்டும் கேட்டது. திரும்ப மாட்டினேன், சில்வண்டு. கழற்றினேன், மோட்டார். மூன்றாவது தடவைதான் உறைத்தது, வண்டு பாட்டுக்குள் இருக்கிறது என்று.

அந்த ஆல்பம் 2025 ஏப்ரலில் வந்தது. ரியானன் கிடென்ஸ், ஜஸ்டின் ராபின்சன் இருவரும் சேர்ந்து செய்தது. பெயர் 'வாட் டிட் தி பிளாக்பேர்ட் சே டு தி க்ரோ'. கரிய குருவி காக்காயிடம் என்ன சொல்லிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 பாட்டுகள். ஒரு பான்ஜோ, ஒரு ஃபிடில் (வயலின்தான்), அவ்வப்போது குரல், பெரும்பாலும் அவ்வளவுதான். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஸ்டூடியோவுக்குள் போகாமல், திறந்த வெளியில் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் குருவியும் உண்டு, சில்வண்டும் உண்டு.

"புதுசா ஏதாவது சொல்லுங்க" என்று கேட்பவர்களுக்கு நான் முன்பெல்லாம் பாடகரின் கதையைச் சொல்வேன். இப்போது எங்கே பதிவு செய்தார்கள் என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். காரணம் இருக்கிறது. இன்று வரும் பாட்டுகளில் பெரும்பகுதி எந்த இடத்திலும் நடக்காதவை. டிரம்ஸ் ஒரு ஊரில், கிட்டார் இன்னொரு ஊரில், குரல் யார் வீட்டு அலமாரிக்குள்ளோ. எல்லாவற்றையும் கணினியில் ஒட்டி, எதிரொலியைக்கூட மென்பொருளில் சேர்த்துவிடலாம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நல்ல பாட்டுகளும் அப்படி வந்திருக்கின்றன. ஆனால் நான் அதிகம் கேட்கும் ஃபோக் என்ற நாட்டுப் பாட்டும், சோல் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டும் அப்படிப் பிறந்த சங்கதிகள் அல்ல. ஒன்று வீட்டுத் திண்ணையிலும் அடுப்படியிலும் வளர்ந்தது, இன்னொன்று கறுப்பின மக்களின் தேவாலயத்தில் தவழ்ந்தது. நாலு பேர் ஒரே கூரைக்குக் கீழே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசித்தால்தான் இரண்டுக்கும் உயிர் வருகிறது.

கிடென்ஸ் ஆல்பத்துக்கு வருகிறேன். அதன் பின்னால் இருப்பவர் ஜோ தாம்சன். வட கரோலினாவில் மீபேன் என்ற ஊர்க்காரர், 1918-ல் பிறந்தவர், மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், ஃபிடில் வாசிப்பவர். சோளக் கதிரை உரித்து முடித்த இரவுகளில் ஊரே கூடி ஆடுவதற்காக அவர் குடும்பத்தார் வாசித்து வந்த பாட்டுகள் அவர் கையில் இருந்தன. கறுப்பின ஃபிடில்காரர்களின் அந்த வழியில் கடைசியாக மிஞ்சியவர்களில் அவர் ஒருவர். 2005-ல் கிடென்ஸ், ராபின்சன், டோம் ஃபிளெமன்ஸ் என்ற மூன்று இளைஞர்கள் வியாழக்கிழமை தோறும் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். அவருக்கு அப்போது 86 வயது. நோட்டு எழுதுவது, பாடம் நடத்துவது எதுவும் கிடையாது. எதிரே உட்கார்ந்து, ஒரே மெட்டைக் கையில் ஏறும்வரை திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டியதுதான். நம் பக்கத்துக் குருகுலம் மாதிரி, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். அந்த மூவரும் 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' என்ற குழுவானார்கள். 2010-ல் வந்த அவர்கள் ஆல்பத்துக்கு கிராமி விருது கிடைத்தது. ஜோ 2012-ல் காலமானார்.

பான்ஜோ என்றாலே வைக்கோல் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்தான் பலருக்கு நினைவு வரும். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் இருந்தது. அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. சுரைக்குடுக்கையில் தோலைப் போர்த்தி, ஒரு கழியைச் செருகி, நரம்பு கட்டிய வாத்தியங்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் உண்டு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அந்த நினைவை வைத்து அமெரிக்க மண்ணில் செய்துகொண்டதுதான் பான்ஜோ. 1920-களில் இசைத்தட்டு கம்பெனிகள் கறுப்பர்களின் ப்ளூஸ் ஒரு பட்டியல், வெள்ளையர்களின் கிராமியப் பாட்டு ஒரு பட்டியல் என்று விற்பனைக்காகப் பிரித்தன. பான்ஜோ வாசிக்கும் கறுப்பர் எந்தப் பட்டியலிலும் சேரவில்லை. ரொம்பக் கொஞ்சம் பேரையே பதிவு செய்தார்கள். 2024-ல் பியான்சேயின் 'டெக்சஸ் ஹோல்டெம்' உலகம் முழுக்க ஓடியதே, அதன் தொடக்கத்தில் தட்டும் பான்ஜோ கிடென்ஸ் வாசித்ததுதான். அந்தப் பாட்டு பிடித்தவர்களுக்கு இந்த ஆல்பத்தைத் தாராளமாகச் சொல்லலாம்.

கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கிடென்ஸ் தந்திகளை மேல்நோக்கிச் சுண்டுவதில்லை. நகத்தால் கீழ்நோக்கி அடிக்கிறார், உடனே கட்டைவிரல் பக்கத்தில் இருக்கும் குட்டையான ஐந்தாவது தந்தியைத் தொட்டுவிட்டு எழுகிறது. அந்தக் குட்டைத் தந்தி ஒரே சுரத்தில் விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டே இருக்கும். 'ஹுக் அண்ட் லைன்' பாட்டில் அது நன்றாகக் காதில் விழும். ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்துக்கான இசை என்பதால் 18 பாட்டையும் ஒரே மூச்சில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் எல்லாம் ஒன்றுபோல் தோன்றும். நான்கு நான்காகக் கேளுங்கள். பாத்திரம் கழுவும்போது கேட்டால் இன்னும் பொருத்தம்.

இடம் என்று பேச்செடுத்தால் கில்லியன் வெல்ச், டேவிட் ராலிங்ஸ் என்ற அமெரிக்க ஃபோக் ஜோடியை விட முடியாது. நாஷ்வில் நகரத்தில் அவர்களுக்குச் சொந்தமாக 'வுட்லேண்ட்' என்ற பழைய ஸ்டூடியோ இருக்கிறது. 2020 மார்ச் தொடக்கத்தில் ஒரு ராத்திரி சூறாவளி வந்து கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மழை உள்ளே கொட்ட, கும்மிருட்டில் இருவரும் டேப்புகளையும் கிட்டார்களையும் தூக்கிப் பத்திரப்படுத்தினார்கள். அப்படிக் காப்பாற்றிய டேப்புகளிலிருந்து, முன்பு வெளியிடாமல் வைத்திருந்த 48 பாட்டுகளை அந்த வருடமே வெளியிட்டார்கள். பிறகு கட்டடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பி, அதற்குள்ளேயே புதுப் பாட்டுகளைப் பதிவு செய்து, 2024 ஆகஸ்டில் ஸ்டூடியோ பெயரையே வைத்து வெளியிட்ட ஆல்பம்தான் 'வுட்லேண்ட்'. பத்தே பாட்டு. சிறந்த ஃபோக் ஆல்பத்துக்கான கிராமி அதற்குக் கிடைத்தது.

ராலிங்ஸ் கையில் இருப்பது 1935-ம் வருடத்து எபிஃபோன் ஒலிம்பிக். அந்தக் காலத்தில் மலிவு விலைக் கிட்டார், உடம்பும் சிறிசு. ஆனால் அதன் குரல் தனி. கரகரப்பான, மூக்கால் பேசுகிற மாதிரியான குரல். வெல்ச் பாடும்போது அது ஓரமாக வந்து நிற்கும். வரி முடிந்ததும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஒதுங்கும். பக்கவாத்தியம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரிய வேண்டுமானால் இந்த இருவரையும் கேட்கலாம். முதல் பாட்டில் டிரம்ஸ், பேஸ் எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தவை என்னவோ இருவர் மட்டும் இருக்கும் பாட்டுகள்தான்.

அமெரிக்கப் பாடகி ஏட்ரியான் லெங்கர் பெயரைப் பலரும் ஏற்கனவே கேட்டிருப்பீர்கள், அதனால் சுருக்கமாக. 2020-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கே ஒரே அறை கொண்ட மரக் குடிலில் பதிவு செய்த 'சாங்ஸ்'. கிட்டாருக்குள் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது என்று அந்த அறையைப் பற்றி அவரே சொன்னார். கேட்கிற நமக்கும் அப்படித்தான். அப்புறம் 2024-ல் வந்த 'பிரைட் ஃபியூச்சர்', அதுவும் டேப்பில் பதிவு செய்தது, பியானோ கூடுதல். இரண்டில் ஒன்றுதான் என்றால் முதலாவது.

சரி, சோல்.

நியூயார்க் புரூக்ளின் பகுதியில் புஷ்விக் என்ற இடம். அங்கே பழைய வீடு ஒன்றைப் பிடித்து 'டாப்டோன்' என்ற சின்ன இசை கம்பெனி ஸ்டூடியோ அமைத்தது. கேப்ரியல் ராத், நீல் சுகர்மன் என்ற இரு இசைக்காரர்கள் 2001-ல் ஆரம்பித்தது. காசு கிடையாது, தாங்களே சுவர் எழுப்பி, தாங்களே ஆணி அடித்தார்கள். அவர்களுடைய பாடகி ஷாரன் ஜோன்ஸ் மின்சார வயரிங் வேலைக்கே கைகொடுத்தார். ஷாரனுக்கு அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அதற்கு முன் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராகவும், பணம் ஏற்றிச்செல்லும் வண்டிக்குக் காவலாகவும் வேலை பார்த்தவர். ரொம்பக் கறுப்பு, ரொம்பக் குண்டு, ரொம்பக் குள்ளம், வயதும் ஆகிவிட்டது என்று ஒரு கம்பெனிக்காரர் தன்னைத் திருப்பி அனுப்பியதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முதல் ஆல்பம் வந்தபோது அவருக்கு 46 வயது ஆகியிருந்தது.

அந்த வீட்டில் எட்டு ட்ராக் டேப்பில் பதிவு செய்தார்கள். எட்டு ட்ராக் என்றால் என்ன? இன்றைய கணினியில் நூறு மைக்கை நூறு வரிசையில் தனித்தனியாக வைத்துக்கொண்டு, எது கூட எது குறைய என்பதை ஆறு மாதம் கழித்துக்கூட முடிவு செய்யலாம். எட்டுதான் என்றால் அது நடக்காது. ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் ஒரே மைக்கைப் பங்குபோட வேண்டியிருக்கும். யார் எவ்வளவு தள்ளி நிற்பது, யார் அடக்கி ஊதுவது என்பதை வாசிக்கும்போதே தீர்மானித்தாக வேண்டும். ஒருவர் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து. நம் ஊரில் பழைய சினிமாப் பாட்டுகளை ஒரே கூடத்தில் முழுக் குழுவும் உட்கார்ந்து எடுத்த கதையை யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்களே, அதே ரகம். இங்கிலாந்துப் பாடகி ஏமி வைன்ஹவுஸின் 2006 ஆல்பம் 'பேக் டு பிளாக்'கில் அந்தக் கனமான டிரம்ஸ் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஷாரனின் குழுவான டாப் கிங்ஸ் ஆட்களை வைத்து வாசித்ததுதான்.

ஷாரன் 2016 நவம்பரில் புற்றுநோயால் இறந்தார். சிகிச்சைக்கு நடுவே பாடிய 'சோல் ஆஃப் எ வுமன்' அடுத்த வருடம் வந்தது. அதன் கடைசிப் பாட்டு 'கால் ஆன் காட்'. பல வருடங்களுக்கு முன் தன் தேவாலயத்துப் பாடகர் குழுவுக்காக அவரே எழுதியது. இதை மட்டும் வண்டி ஓட்டும்போது கேட்காதீர்கள். நான் ஓரங்கட்ட வேண்டியதாயிற்று.

அதே கூட்டத்தில் இன்னொருவர் சார்லஸ் பிராட்லி. 1962-ல், சிறுவயதில், நியூயார்க் அப்பல்லோ அரங்கில் சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுனைப் பார்த்துவிட்டு வந்தவர். சமையல் வேலை, கூலி வேலை என்று ஊர் ஊராக அலைந்து, வயதான காலத்தில் ஜேம்ஸ் பிரவுன் வேஷம் கட்டி ஆடிப் பிழைத்துக்கொண்டிருந்தார். முதல் ஆல்பம் 'நோ டைம் ஃபார் டிரீமிங்' 2011-ல் வந்தபோது அவருக்கு 62. ஆறே வருடம்தான், 2017-ல் போய்விட்டார். 2016-ல் வந்த 'சேஞ்சஸ்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு பிளாக் சபத் என்ற மெட்டல் குழுவினுடையது. பிராட்லி அதைக் காலமான தன் தாயை நினைத்துப் பாடியிருக்கிறார். பாட்டு முழுக்கக் குரல் உடைந்துவிடும் போலவே இருக்கும், உடையாது.

இதெல்லாம் புதுசா என்று கேட்பீர்கள். ராத் பிறகு கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் 'பென்ரோஸ்' என்று இன்னொரு ஸ்டூடியோ போட்டார். அங்கிருந்து வந்தவர்கள்தான் சான் டியேகோ பையன்கள் 'தீ சேக்ரட் சோல்ஸ்'. முதல் ஆல்பம் 2022, இரண்டாவது 'காட் எ ஸ்டோரி டு டெல்' 2024. அந்தப் பக்கத்து மெக்சிகோ வம்சாவளி மக்கள் காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, பெயின்ட் பளபளக்க, ஞாயிறு மாலை ஊர்வலம்போல மெதுவாக ஓட்டிப் போவார்கள். அதில் ஒலிப்பது அறுபதுகளின் காதல் சோல் பாட்டுகள். சேக்ரட் சோல்ஸ் அந்தக் கார்களுக்காகவே செய்ததுபோல் இருக்கும். அவர்களுடைய பாடகர் ஜோஷ் லேன் குரலில் அழுத்தமே இல்லை. கெஞ்சுகிற குரல். புதிதாக சோல் கேட்க ஆரம்பிப்பவருக்கு இதையே முதலில் கொடுப்பேன். வீட்டில் யாரும் "சத்தத்தைக் குறை" என்று சொல்லமாட்டார்கள்.

ஃபோக் வேறு, சோல் வேறு என்று நானே இரண்டு பிரிவாக எழுதிக்கொண்டு போகிறேன், ஆனால் அந்தக் கோடு அவ்வளவு உறுதியானது இல்லை. டெர்ரி கேலியர் என்று சிகாகோக்காரர் ஒருவர் இருந்தார். 1964-ல் தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார். ஒரு கிட்டார், இரண்டு பேஸ், பாடியது எல்லாம் பழைய நாட்டுப் பாட்டுகள், பாடிய குரலோ முழுக்க முழுக்க சோல். தயாரிப்பாளர் அந்த டேப்புகளைத் தூக்கிக்கொண்டு மெக்சிகோவின் பாலைவனப் பக்கம் போய்விட்டதால் வெளியாவதற்கே வருடங்கள் ஆயின. கேலியர் பின்னால் இசையை விட்டுவிட்டு சிகாகோ பல்கலைக்கழகத்தில் கணினி நிரல் எழுதும் வேலைக்குப் போனார். தொண்ணூறுகளில்தான் இங்கிலாந்துக்காரர்கள் அவரைத் தேடிப் பிடித்து மறுபடி மேடை ஏற்றினார்கள். அவர் வழியில் இன்று கேட்க வேண்டியவர் மைக்கேல் கிவானூக்கா. பெற்றோர் இடி அமீன் ஆட்சியில் உகாண்டாவிலிருந்து தப்பி வந்தவர்கள், இவர் லண்டனில் வளர்ந்தவர். 2019-ல் வந்த 'கிவானூக்கா'வுக்கு பிரிட்டனின் மெர்குரி பரிசு கிடைத்தது. 2024-ன் 'ஸ்மால் சேஞ்சஸ்' அதைவிட அடக்கமானது. பரிசு வாங்கியதைவிட எனக்கு இதுதான் ஒட்டிக்கொண்டது, ஏனென்று தெரியவில்லை.

என் கட்சிக்கு எதிராகவும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. லண்டனில் 'சால்ட்' என்று ஒரு குழு. பேட்டி கிடையாது, ஆல்பத்தில் முகம் கிடையாது. இன்ஃப்ளோ என்ற தயாரிப்பாளர், கிளியோ சோல் என்ற பாடகி என்று சில பெயர்கள் மட்டும் தெரியும். 2021-ல் 'நைன்' ஆல்பத்தை 99 நாள் மட்டும் இணையத்தில் வைத்திருந்து எடுத்துவிட்டார்கள். 2022 நவம்பரில் ஒரே நாளில் ஐந்து ஆல்பங்களை இலவசமாகக் கொட்டினார்கள். எங்கே, யார், எப்படி என்று ஒன்றும் தெரியாமல் 2020-ன் 'அன்டைட்டில்ட்' ஆல்பங்கள் இரண்டையும் கேட்டேன். அபாரம். அறை, கூரை என்று நான் மேலே அளந்ததெல்லாம் இவர்களிடம் எடுபடவில்லை. கிளியோ சோலின் தனி ஆல்பம் 'மதர்' 2021-ல் வந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் நடுப்பகலில் கேட்கும் அமைதி அதில் இருக்கிறது.

டப்ளின் நகரத்து 'லான்கம்' என்ற ஃபோக் குழுவுக்கு எச்சரிக்கையோடுதான் வழி சொல்வேன். 2023-ன் 'ஃபால்ஸ் லான்கம்' முதல் பாட்டு 'கோ டிக் மை கிரேவ்'. குழுவின் பாடகி ரேடி பீட் வாத்தியம் எதுவும் இல்லாமல் ஆரம்பிக்கிறார். பிறகு சுருதிப்பெட்டியை நாலைந்து பேர் சேர்ந்து அழுத்துவதுபோல் ஒரே சுருதி கீழிருந்து எழும்பி, பாட்டையே மூழ்கடிக்கும். அதன் பின்பாதிக்கு அயர்லாந்தில் சாவு வீட்டில் பெண்கள் அழுது பாடும் பழைய மரபை எடுத்துக்கொண்டதாகக் குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். நமக்கு விளக்கம் வேண்டியதில்லை, ஒப்பாரி. என் அம்மா அறையைக் கடந்து போனவர், நின்று, "யாரு செத்தா?" என்று கேட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

கடைசியாக ஒரு பாட்டி. ஷெர்லி காலின்ஸ், 1935-ல் பிறந்தவர், இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதிக்காரர். 1959-ல், நாட்டுப் பாட்டுகளைத் தேடிச் சேகரித்த ஆலன் லோமாக்ஸுடன் அமெரிக்கத் தெற்கு மாநிலங்களைச் சுற்றி, திண்ணையிலும் சிறையிலும் பாடியவர்களைப் பதிவு செய்தவர். பெரிய பாடகியாகவும் ஆனார். எழுபதுகளின் கடைசியில் கணவர் விட்டுப்போன சமயம், மேடையில் நிற்கும்போதே தொண்டை அடைத்துக்கொண்டது. குரல் வரவில்லை. பாடுவதை நிறுத்திவிட்டு வேறு வேலைகளுக்குப் போனார். 38 வருடம் கழித்து, 2016-ல், 81 வயதில் 'லோட்ஸ்டார்' வந்தது. ஸ்டூடியோவுக்குப் போகத் தயங்கியதால் லூயிஸ் ஊரில் அவருடைய சின்ன வீட்டுக்கே மைக்கைக் கொண்டுபோய்ப் பதிவு செய்தார்கள். பழைய குரல் இல்லை, அடித்தொண்டையில் இறங்கிப் போயிருக்கிறது. கொலையும் வெள்ளமும் நிறைந்த கதைப் பாட்டுகளை, பேரப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் முகம் மாறாமல் சொல்லிக்கொண்டே போகிறார். பறவை சத்தம் அதிலும் உண்டு. குரல் போன இன்னொருவர் இங்கிலாந்துப் பாடகி லிண்டா தாம்சன். அவர் வேறு வழி பிடித்தார். தான் எழுதிய பாட்டுகளை மற்றவர்களைப் பாடச் சொல்லி 2024-ல் 'பிராக்ஸி மியூசிக்' என்று வெளியிட்டார்.

பூச்சி என்று சொன்ன தம்பிக்கு நான் வேறு காப்பி அனுப்பவில்லை. அது பூச்சியில்லாமல் கிடைக்காது என்று சொல்லிவிட்டு, சில்வண்டுக் கணக்கை விளக்கினேன். அமெரிக்காவில் ஒருவகைச் சில்வண்டு 13 வருடம் அல்லது 17 வருடம் மண்ணுக்குள் கிடந்துவிட்டு, ஒரே நேரத்தில் கோடிக்கணக்கில் மேலே வரும். சில வாரம் கத்தும், முட்டையிடும், செத்துப்போகும். 2024-ல் 13 வருடக் கூட்டம் ஒன்றும் 17 வருடக் கூட்டம் ஒன்றும் ஒரே கோடையில் கிளம்பின. அந்த இரண்டும் அப்படிச் சேர்ந்து வந்தது அதற்கு முன் 1803-ல். வட கரோலினாவில் கிளம்பியது 13 வருடக் கூட்டம். கிடென்ஸும் ராபின்சனும் ஜோ தாம்சனின் வீட்டில் போய் உட்கார்ந்து வாசித்தது அந்தச் சமயத்தில்தான்.

"அப்ப இதுக்கு முன்னாடி எப்ப வந்துச்சு?" என்றான்.

2011 என்றேன். அந்தத் தடவை ஜோ உயிரோடு இருந்தார்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அடுத்தது 2037-ஆண்ணே?" என்று கேட்டுவிட்டு, போனை வைத்தான். சாயங்காலம் செய்தி வந்தது: அந்த ஃபிடில்காரர் ஜோ வாசித்தது தனியாக ஏதாவது கிடைக்குமா?